கண்காட்சிக்குப் போன குழவி

உனக்கெதுக்குடி இந்தக் கதையெல்லாம்? போய் வெங்காயம் உரி. சரி, உரிச்சினே கேளு.

நம்மூர் மியூசியத்துல ஒரு மாசம் பழைய வீட்டுச் சாமானா வச்சிக் காட்டினாங்க. என் ஆட்டுக்கல்லுக் குழவியைக் குடுத்தேன். அதை ஸ்டூல் மேல நிமித்தி வச்சாங்க. பௌர்ணமிக்கு மலை சுத்த வந்த ஜனம் லிங்கம்னு நெனச்சி விபூதி பூசி, பூ வச்சிடுச்சி.

கடைசி நாள் எடுக்கப் போனா, "சாமியைத் தூக்கினு எங்கம்மா போறே?"ன்னு ஒரு அம்மா மறிச்சிக்கினாங்க. மியூசியம் ஆபீசரும் "இருங்கம்மா"ன்னாரு. ஒரு மாசமா பக்கத்து வீட்டு மாவுலதான் தோசை, இன்னும் எத்தினி நாள் கேக்கறது?

"அடியைப் பாருங்க சார்"னு சாய்ச்சேன். காஞ்ச உளுந்து மாவு ஒட்டினு இருந்துச்சி. "எடுத்துனு போங்கம்மா"ன்னு சிரிச்சாரு.

அக்கம்பக்கத்துல சொன்னேன்: "ஒரு மாசம் பூசை வாங்கினு வந்திருக்கு. இனிமே என் தோசையைக் குறை சொன்னா சாமி குத்தம்."