நான்காம் துண்டின் வேலிக்கதவு

இன்று மார்ச் 11. எனக்கு வயது எழுபத்தொன்பது ஆண்டு, மூன்று மாதம், ஐந்து நாள்.

சூசைராஜ் இறந்துவிட்டார். ஐம்பத்து மூன்று வயது.

இந்த வரிசையில் அவருக்கு முன்னால் நான் நின்றுகொண்டிருக்கிறேன். யாரும் கவனிக்கவில்லை போலிருக்கிறது.

காலை ஏழேகாலுக்கு, செங்காங்கில் என் வீட்டில், வாட்ஸ்அப்பில் படித்தேன். செய்தியிலிருந்த எழுத்துப்பிழைகளை மனத்துக்குள் திருத்திக்கொண்டிருந்தேன் என்பது காப்பி ஆறிய பிறகுதான் உறைத்தது.

நேற்று மாலை, பால்புட்டி கழுவும் கொட்டகையில், நின்றவாக்கில் சரிந்திருக்கிறார். இதயம் என்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை நன்றாகத்தானே இருந்தார்...

அவரை அறியாதவர்களுக்கு: நாங்கள் வாழும் இந்தத் தீவின் வடமேற்கு ஓரத்தில் ஒரு சிறு ஆட்டுப்பண்ணை. அதன் முதலாளி கருணாகரன் என்னிடம் தாவரவியல் படித்தவர். சூசை தமிழ்நாட்டிலிருந்து வந்து அங்கே ஆடு மேய்த்தவர்.

நான் ஓய்வுபெற்று வீட்டில் எல்லோரையும் திருத்திக்கொண்டிருந்த காலத்தில், மேய்ச்சலுக்கு ஒரு திட்டம் போட்டுத் தரும்படி கருணாகரன் கேட்டார். புல்வெளியைப் பத்துத் துண்டுகளாக வேலியிட்டேன். ஒரு துண்டில் மூன்றரை நாள். முப்பத்தைந்தாம் நாளில்தான் ஆடுகள் அதே துண்டுக்குத் திரும்பவேண்டும்.

காரணம் எளிது. நம் ஊர் ஈரத்தில், புழுக்கையிலிருந்து குடற்புழுக்கள் ஒரு வாரத்தில் புல்லின்மேல் ஏறிவிடும். ஒரு மாதம் ஆடு வராவிட்டால் அவை பட்டினியில் செத்துவிடும்.

அட்டவணையைச் சூசையிடம் நீட்டினேன். நெடுநேரம் பார்த்தார்.

"மூணரை நாளா? அந்த அரை நாளு எப்ப டீச்சர் முடியுது?"

"நண்பகலில்."

"மத்தியானம் ஆடு படுத்து அசை போடும். எழுப்புனா என்னையத்தான் திட்டும். நாலு மணின்னு வச்சுக்குவமா?"

நான்கு மணி என்று திருத்தினேன். பல்கலைக்கழகத்தில் எனக்கு யாரும் இதைச் சொல்லித் தரவில்லை.

புழு ஏறிய ஆட்டுக்கு ரத்தம் குறையும். கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் உட்புறம் வெளுத்திருக்கும். சூசைக்கு அந்தப் பழக்கம் மனிதரிடமும் தொடர்ந்தது.

ஒருமுறை தமிழ்ப் பூசை முடிந்து, தேவாலய வாசலில், பங்கு மக்கள் அத்தனை பேர் முன்னிலையில் என் முகத்தருகே குனிந்தார்.

"டீச்சர், எமையக் கொஞ்சம் இழுத்துக் காட்டுங்க."

"நான் ஆடு இல்லை, சூசை."

"தெரியும் டீச்சர். ஆடுன்னா சொன்னதும் காட்டும்."

காட்டினேன். சிவப்பாகத்தான் இருந்ததாம்.

இன்னொரு ஞாயிறு, ரேஸ் கோர்ஸ் சாலைக்குச் சாப்பிடப் போகும் வழியில், ஃபேரர் பார்க் திடலில் திடீரென்று உட்கார்ந்து புல்லின் உயரத்தை விரலால் அளந்தார். "ரெண்டு வெரக்கடதான்... இதுல விட்டா அடிப்புல்லோட புழுவையும் சேத்துத் திங்கும்."

உடன் வந்த கப்பல் பட்டறைத் தொழிலாளர் ஒருவர் கைகூப்பினார். "அண்ணே, இது ஃபுட்பால் ஆடுற எடம்ணே. எந்திரிங்க, பசிக்குது."

ஆறு ஆண்டுகளுக்கு முன்பு, டிசம்பர் மழையில், ஏழாம் துண்டில் தண்ணீர் தேங்கிவிட்டது. அதற்குப் பதிலாக ஆடுகள் நான்காம் துண்டுக்குள் போயின. ஒரு வாரம் முன்புதான் அவை மேய்ந்து வெளியேறிய துண்டு அது.

ஜனவரியில் ஒன்பது குட்டிகள் செத்தன. இமைக்குள் வெறும் காகித நிறம். சூசை ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்தார், செத்த பிறகும்.

சூசை அட்டவணையைத் தவறாகப் படித்துவிட்டார் என்று முடிவாயிற்று. "டீச்சர் போட்ட பிளான் ஓகே லா. இவருதான் வேலிக் கேட்ட மாத்தித் தொறந்துட்டாரு" என்றார் கருணாகரன். சூசை மறுத்துப் பேசவில்லை.

அவரை ஆடுகளிடமிருந்து எடுத்துப் புட்டி கழுவப் போட்டார்கள். ஆறு ஆண்டுகள்... வேலிக்கு இந்தப் பக்கம்.

என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஒன்றே ஒன்றுதான் கேட்பார். "மொதலாளிகிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க டீச்சர். நீங்க சொன்னாக் கேப்பாரு. ஆட்டுக்கிட்டயே போயிடறேன்."

பார்க்கலாம் என்பேன்.

கடந்த ஞாயிறும் கேட்டார். பார்க்கலாம் என்றேன். "அவசரமில்ல டீச்சர்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினார்.

நாளை இரவு விமானத்தில் உடலை ஊருக்கு அனுப்புகிறார்கள். மனைவியும் இரண்டு மகள்களும் இருக்கிறார்கள். பூங்கொத்து வேண்டாம், அதை வைத்து அவர்கள் என்ன செய்வார்கள்?

போய்வாருங்கள், சூசை.

கருணாகரன், இனி வருவதை நீ இரண்டு முறை படி.

அட்டவணையில் ஏழு என்பதை அடித்துவிட்டு, அதற்கு மேல் நான்கு என்று எழுதியவள் நான். நாள்களை எண்ணிப் பார்க்காமல் எழுதினேன்.

வேலியைத் திறக்கும் முன் சூசை எனக்கு போன் செய்தார். "டீச்சர், நாலுல போன வாரந்தான மேஞ்சுச்சு? திரும்ப விடலாமா?"

அட்டவணையில் உள்ளதைச் செய்யுங்கள் என்று சொல்லி போனை வைத்துவிட்டேன்.

குட்டிகள் செத்த அன்று, நீ பண்ணைக்கு வந்து சேருமுன், சுவரிலிருந்து அந்தத் தாளைக் கழற்றி மடித்து என் கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன்.

சூசை பார்த்துக்கொண்டுதான் நின்றார்.