அக்கா கொடுத்த தொப்புள்கொடி

மடியில் ஐஸ்பெட்டி, அதற்குள் ஒரு கண்ணாடிப் புட்டி, புட்டிக்குள் அக்காவின் பிரசவத்தில் கிடைத்த தொப்புள்கொடி. புதுக்கோட்டையிலிருந்து திருச்சி பஸ்ஸில் அப்படித்தான் போனேன். அங்கே ஓர் ஆய்வுக்கூடத்தில் ரத்தக்குழாய்ச் செல்களை வளர்ப்பது என் வேலை. சர்க்கரை நோயில் ரத்தக்குழாய் கெட்டு எங்கள் அப்பாவின் காலை எடுத்திருந்தார்கள். அதனால் கொடியைக் கேட்டபோது அக்கா யோசிக்கவே இல்லை. "குப்பைக்குத்தானே போகப்போகுது, கொண்டுபோ. இன்னொருத்தருக்காவது கால் நிக்கட்டும்" என்றாள்.

கொடியின் ரத்தக்குழாய்க்குள் படிந்திருக்கும் மெல்லிய உட்படலத்திலிருந்து அந்தச் செல்களைப் பிரித்தெடுப்போம். நுண்ணோக்கியில், கூழாங்கல் பாவிய தரை போல நெருங்கிக் கிடக்கும். சில வாரங்களில் மூப்படைந்து, பரந்து, பெருகுவதை நிறுத்திவிடும். சோதனை முடிவதற்குள் செல்கள் போய்விடும். ஆகவே பாப்பிலோமா என்ற வைரஸின் இரண்டு மரபணுக்களை உள்ளே செலுத்தினோம். செல் பெருகாமல் தடுத்து நிறுத்தும் புரதங்களை அவை முடக்கிவிடும். அக்கா மகளின் செல்கள் நிற்காமல் பெருகின. அக்கா வாழ்க்கைப்பட்ட ஆவூருக்குப் போனபோது இதை அவளிடம் சொன்னேன். வைரஸின் பெயரைத் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்துச் சிரித்தாள். "எம்புள்ள கொடி இன்னும் உசுரோட இருக்கு" என்று மாதா கோயிலுக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள்.

பிள்ளை பள்ளிக்கூடம் போகத் தொடங்கியபின் அக்காவுக்கு இடையிடையே ரத்தப்போக்கு. உடம்புச் சூடு என்று தானே முடிவு செய்துகொண்டாள். வலி தாங்காமல் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது கருப்பைவாய்ப் புற்றுநோய் முற்றியிருந்தது. எந்த வைரஸால் வந்தது என்று டாக்டர் சொன்னார். அது அவளுக்குத் தெரிந்த பெயர்.

வார்டில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இதையாடி எம்புள்ள செல்லுக்குள்ள விட்டீங்க? அவளுக்கு ஒன்னும் ஆகாதுல்ல?"

"அது கண்ணாடித் தட்டுல கெடக்குறது, அக்கா. அவ ஒடம்புக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல."

பெருமூச்சு விட்டாள். பிறகு கோபமே இல்லாத குரலில் கேட்டாள்: "அங்கிட்டு வளர வைக்கத் தெரிஞ்ச ஒங்களுக்கு, இங்கிட்டு நிறுத்தத் தெரியலையாடி?"

அந்த இரண்டு மரபணுக்களும் என்னென்ன செய்கின்றன என்று என்னால் படம் வரைந்து காட்ட முடியும். அதனால் அவளுடைய வலி ஒரு பொழுதுக்குக்கூடக் குறையாது. கதிர்வீச்சும் மருந்தும் கொடுத்துப் பார்த்தார்கள். நோய் எதற்கும் கேட்கவில்லை. தவக்காலத்தில் அவளை அடக்கம் செய்தோம். வேலைக்குத் திரும்பிய அன்று தட்டுகளை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தேன். செல்கள் நன்றாக வளர்ந்திருந்தன. ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் திருப்தி.

போன மாதம் அவள் மகளை அந்த வைரஸுக்கு எதிரான தடுப்பூசி போட அழைத்துப் போனேன். கையைத் தேய்த்துக்கொண்டே, "இத அம்மாவுக்குப் போட்டிருக்கலாம்ல சித்தி?" என்றாள்.

"அம்மா ஒன் வயசுல இருக்கப்ப இந்த ஊசி வரலம்மா."

"நோய் மட்டும் வந்துருச்சா?"

பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்தோம். ஆவூர் வரும்வரை அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள்.