ரௌஹா கட்சி மாறிய செவ்வாய்க்கிழமை

கயானி நகர நூலகத்தில் செவ்வாய்தோறும் ரௌஹா கெட்டுனென் மேசை போட்டு உட்கார்ந்துவிடுவாள். காகித ஆலையில் முப்பது வருஷம் மின்பணி பார்த்து ஓய்வு பெற்றவள். ஓய்வு என்பது பேருக்குத்தான். மடிக்கணினியோடு யார் வந்தாலும் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக் கொடுப்பாள். காசு வாங்க மாட்டாள், காபி என்றால் வேண்டாம் என்று சொல்ல மாட்டாள்.

லினக்ஸில் நூறு வகை உண்டு. ரௌஹாவுக்கு ஒன்றே ஒன்றுதான்: இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஆற அமர வெளிவருவது. பக்கத்து மேசையில் இதே வேலை பார்க்கும் ஓஸ்மோவின் வகைக்கு ஆறு மாதத்துக்கொரு புதுப் பதிப்பு. அதை அரைவேக்காடு என்று இருபது வருஷமாக ஊரறியச் சொல்லி வந்தாள். அந்த ஊரில் யாருக்கு ஓட்டுப் போட்டாய் என்று கேட்டால் வாயைத் திறக்க மாட்டார்கள். இந்தச் சண்டை மட்டும் பகிரங்கமாக நடக்கும்.

ஆனால் அவளிடம் ஓர் ஒழுங்கு இருந்தது. எதையும் முதலில் பென்டிரைவிலிருந்தே ஓட்டுவாள். வைஃபை, கேமரா, மூடித் திறந்தால் விழிக்கிறதா என்று எல்லாம் பார்த்த பிறகுதான் கணினியில் ஏற்றுவாள்.

ஹெல்வியின் புத்தம்புது மடிக்கணினியில் அந்த ஒழுங்கை அவளே மீறினாள். என் வகை கைவிடாது என்ற மமதை, வேறென்ன? சோதிக்காமலே ஏற்றிக் கொடுத்துவிட்டாள். அடுத்த செவ்வாய் ஹெல்வி திரும்பி வந்து ஒரு சீட்டை நீட்டினாள். ஹெல்வி தச்சு வேலை செய்கிறவள், காது கேளாதவள்.

"கேமரா வரல. வெள்ளிக்கிழமை வேலைக்கு நேர்காணல், வீடியோவுல. என் பேச்சு கையிலதான் இருக்கு. நான் எப்படிப் பேசுவேன்?"

ரௌஹா இரண்டு மணி நேரம் முட்டி மோதினாள். அந்தக் கேமரா சந்தைக்கு வருமுன்பே அவளுடைய பதிப்பு முடிவாகியிருந்தது. முன்பின் பார்க்காத ஆளை அது எப்படி அடையாளம் காணும்? புதுக் கணினிக்குப் புதுப் பதிப்புதான் சரி.

எழுந்து ஓஸ்மோவிடம் போனாள். நூலகமே பார்த்தது.

"உன் பென்டிரைவைக் குடு."

"அரைவேக்காடுன்னு சொன்னது யாரு?"

"நான்தான். நாளைக்கும் சொல்லுவேன். இன்னிக்கு அவளுக்குக் கேமரா வேணும், குடு."

தன் வாய்ச்சொல்லை ஊர் நடுவே விழுங்க எத்தனை பேருக்கு மனசு வரும்? எனக்கு வராது.

இந்த முறை ஒன்றுவிடாமல் சோதித்தாள். கேமராவின் சிறுவிளக்கு எரிந்தது. திரையில் தன் முகத்தைக் கண்டதும் ஹெல்வி சைகை மொழிபெயர்ப்பாளரை வீடியோவில் அழைத்தாள். இருவர் கைகளும் படபடவென்று பேசின. ரௌஹாவுக்கு ஒன்றும் புரியவில்லை, கண் மட்டும் நிறைந்துவிட்டது. ஹெல்வி அவளைக் காட்டி ஏதோ கேட்டாள்.

மொழிபெயர்ப்பாளரின் குரல் கணினியிலிருந்து வந்தது. "நீங்க ஏன் அழறீங்கன்னு கேக்குறாங்க."

ரௌஹா மூக்கை உறிஞ்சினாள். "சத்தமும் நல்லா வருதுன்னு சொல்லுங்க."