கம்புக் கொல்லையில் அக்காவின் குரல்

கலைமதியின் வீட்டுக் கடிகாரம் ஒரு நாளும் நின்றதில்லை. திண்டிவனத்தில் அவள் வேலை பார்க்கும் அங்கன்வாடியின் கடிகாரமும் அப்படித்தான். பேட்டரி தீர்வதற்கு முன்பே மாற்றிவிடுவாள். அவள் அலமாரியில் புதுப் பேட்டரிகள் எப்போதும் இருக்கும். இப்போது யாரும் தேடாத பெரிய பேட்டரிகூட நான்கு இருக்கும். சமையல் உதவியாளர் புனிதா, "இன்னா டீச்சர், பேட்டரிக் கடை வெக்கப் போறீங்களா?" என்று கிண்டல் செய்வாள். கலைமதி சிரித்துவிட்டுப் போய்விடுவாள். அந்தப் பேட்டரிகளுக்குப் பின்னால் இருப்பதை அவள் முப்பத்தைந்து வருடம் யாரிடமும் சொல்லவில்லை.

அவளுக்கு ஒன்பது வயதானபோது, சிங்கப்பூரில் வேலை செய்த தாய்மாமன் ஒரு டேப் ரெக்கார்டர் கொண்டுவந்தார். கறுப்பு உடம்பு, மடக்குகிற கைப்பிடி, ஓரத்தில் ஒரு சிவப்புப் பொத்தான். கூடவே ஒரு பாட்டுக் கேசட், ஒரு வெற்றுக் கேசட். தெருவே வந்து பார்த்தது. சிவப்புப் பொத்தானை அழுத்திப் பேசியவர்கள் தங்கள் குரலைக் கேட்டுவிட்டு, இது நான் இல்லை என்று சண்டை போட்டார்கள்.

அக்கா அம்சாவுக்கு மட்டும் அது விளையாட்டுச் சாமானாகத் தெரியவில்லை. அவள் அப்போது பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். புரட்டாசியில் கம்பு கதிர் முற்றும்போது கிளிகள் கூட்டமாக இறங்கும். ஒவ்வொரு வருடமும் மூன்று வாரம் அவள் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு, கொல்லை நடுவில் கட்டிய பரண்மேல் நின்று கிளி ஓட்ட வேண்டும். அவளைவிட உரத்த தொண்டை அந்த வீட்டில் யாருக்கும் கிடையாது. அந்த வருடம் பெரிய டீச்சர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், இனி லீவு போட்டால் பரீட்சை எழுத முடியாது என்று.

அம்சா வெற்றுக் கேசட்டைப் போட்டு, இரண்டு பக்கமும் தன் குரலைப் பதிவு செய்தாள். முழுதாக ஒரு மணி நேரம், தகர டப்பாவைத் தட்டிக்கொண்டே கத்தினாள். முடித்தபோது அவள் தொண்டை கட்டிப்போயிருந்தது. அப்பா சீனுவாசனிடம் தன் யோசனையைச் சொன்னாள். அவள் காலையில் பஸ் ஏறிவிடுவாள். ரெக்கார்டரைப் பரண்மேல் ஒரு பானைக்குள் வைத்தால் சத்தம் கொல்லை முழுக்கக் கேட்கும். காலையிலும் சாயங்காலமும் கேசட்டைத் திருப்பிப் போடக் கலைமதி இருந்தால் போதும். பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடம் என்பதால் அவளுக்கு நேரம் உண்டு.

அப்பா நெடுநேரம் யோசித்தார். அவரும் அம்மாவும் அப்போது கடலைக் கொல்லையில் மல்லாட்டை பிடுங்கிக்கொண்டிருந்தார்கள், வேறு ஆள் இல்லை. "ஒரு வாரம் பாப்பேன். கதிரு போச்சின்னா நீ வூட்டோடதான்" என்றார்.

முதல் இரண்டு நாள் எல்லாம் சரியாக நடந்தது. அக்காவின் சத்தம் கேட்டதும் கிளிகள் பச்சைத் துணியை உதறியதுபோல எழும்பிப் பறந்தன. மூன்றாம் நாள் கலைமதிக்குச் சலித்துப்போனது. அக்காவின் கேசட்டைப் பாதியில் எடுத்துவிட்டுப் பாட்டுக் கேசட்டைப் போட்டாள். எந்தச் சத்தமாக இருந்தால் என்ன, கிளி பயப்படும் என்று நினைத்தாள். தோழிகளையும் பரணில் ஏற்றிக்கொண்டாள். பிடித்த பாட்டையே மறுபடி மறுபடி சுற்றிச் சுற்றிக் கேட்டார்கள். பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது ரெக்கார்டரைப் பையில் வைத்து எடுத்துப்போய் அங்கேயும் போட்டுக் காட்டினாள்.

ஆறாம் நாள் காலை அக்காவின் குரல் கிழவனின் முனகல்போல இழுத்து இழுத்து வந்தது. பிறகு நின்றுபோனது. கலைமதி பேட்டரிகளைக் கழற்றிப் பல்லால் கடித்தாள். வெயிலில் காயவைத்தாள். அதற்குள் கிளிகள் இறங்கிவிட்டன. தகர டப்பாவைத் தட்டிக்கொண்டு ஓடினாள். இந்தப் பக்கம் விரட்டினால் அந்தப் பக்கம் உட்கார்ந்தன. அவள் கத்தியது அவளுக்கே கேட்கவில்லை.

அப்பா வந்து வெறும் தட்டைகளாக நின்ற கம்பைப் பார்த்தார். அடிக்கவில்லை.

"இன்னாடி ஆச்சி?"

"கிளிங்களுக்கு அக்கா குரலு பழகிப்போச்சுப்பா. எவ்ளோ கத்துனாலும் பயப்படல."

இந்த ஒரு பொய்தான் அவள் சொன்னது. அப்பா நம்பிவிட்டார். மிஷினை நம்பியது என் புத்தி என்று தன்னையே திட்டிக்கொண்டார். சாயங்காலம் பஸ்ஸைவிட்டு இறங்கிய அம்சாவிடம், நாளையிலிருந்து பள்ளிக்கூடம் வேண்டாம் என்றார். அவள் அழுது முடித்தபின் தங்கையிடம் வந்து, "நெஜமாவாடி?" என்று மட்டும் கேட்டாள். கலைமதி தலையாட்டினாள்.

மறுநாள் காலை மிச்சமிருந்த கதிரைக் காக்க அம்சா பரண்மேல் ஏறி நின்றாள். பரீட்சை எழுதவில்லை. பதினெட்டு வயதில் வளவனூரில் கட்டிக்கொடுத்தார்கள். சங்கவி என்று ஒரு பெண் பிறந்தாள். சங்கவிக்கு மூன்று வயதானபோது மஞ்சள் காமாலையில் அம்சா செத்துப்போனாள். உண்மையைச் சொல்லக் கலைமதிக்கு அத்தனை வருடம் இருந்தது. ஒவ்வொரு முறை வளவனூர் போய்வரும்போதும், அடுத்த முறை சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அக்காவுக்கு மறுக்கப்பட்ட படிப்பு அவளுக்குக் கிடைத்தது, வேலையும் கிடைத்தது.

போன வருடம் சங்கவி போன் செய்தாள். அவளுக்கு அப்போது கைக்குழந்தை இருந்தது. குழந்தை அழும்போதெல்லாம் வளவனூரில் எல்லோரும், அம்சா தொண்டை அப்படியே வந்திருக்கிறது என்கிறார்களாம்.

"சித்தி, எனக்கு அம்மா குரலே ஞாபகம் இல்ல. எதுலனா இருக்கா?"

இல்லை என்று சொல்லத்தான் கலைமதி வாயைத் திறந்தாள். இன்னொரு பொய் வரவில்லை. இத்தனை வருடம் அந்தக் கேசட்டோடு அலமாரியில் வைத்திருந்த டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு விழுப்புரம் போய், பழைய சாமான் பழுது பார்க்கும் ஒருவரிடம் பெல்ட் மாற்றிக்கொண்டு வந்தாள். ஞாயிற்றுக்கிழமை சங்கவி குழந்தையோடு வந்தாள். புதுப் பேட்டரி நான்கையும் போட்டு, கலைமதி பொத்தானை அழுத்தினாள்.

"ஏய்ய்ய்... போ... போ... இங்க வராத... போ..."

சங்கவி முதலில் சிரித்தாள். "அம்மா எம்மாம் பெருசா கத்துது சித்தி" என்றாள். பிறகு குழந்தையை அணைத்துக்கொண்டு அழுதாள். இருபத்தாறு வருடம் கழித்துக் கேட்கிற அம்மாவின் குரல், போ போ என்று விரட்டிக்கொண்டே இருந்தது. அந்த ஒரு பக்கம் ஓடிய அரை மணி நேரமும் இருவரும் அசையவில்லை. கடைசியில் தகரச் சத்தம் நின்றது. கரகரத்துப்போன குரலில் அம்சா பேசினாள்.

"கலை, முடியப்போவுது. திருப்பிப் போடுடி. ஒன்ன நம்பித்தான் போறேன்."

டேப் முடிந்து பொத்தான் எகிறியது. முதல் இரண்டு நாளுக்குப் பிறகு கலைமதி இந்த இடம்வரை ஓடவிட்டதே இல்லை. அவள் தரையைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். பாட்டுக் கேசட்டை, கடித்த பேட்டரியை, அப்பாவிடம் சொன்ன பொய்யை.

சங்கவி குழந்தையைத் தோள்மாற்றிக்கொண்டாள்.

"இத ஏன் சித்தி எங்கிட்ட சொல்றீங்க?"

"கேக்க வேண்டியவ பூட்டாளே."

சங்கவி கேசட்டை முதலிலிருந்து சுற்றச் சொன்னாள். தன் போனைப் பக்கத்தில் வைத்துப் பதிவு செய்தாள். குழந்தை பால் குடித்துத் தூங்கிப்போனது. தகரச் சத்தம் நின்றதும், அம்சா பேச வாயெடுப்பதற்குள் சங்கவி டேப்பை நிறுத்தினாள், போனையும் நிறுத்தினாள்.

"அது எனக்கில்ல, ஒங்களுக்குச் சொன்னது. ஒங்ககிட்டயே இருக்கட்டும்" என்றாள்.

அதில் கோபம் இருந்ததா, இரக்கம் இருந்ததா என்று கலைமதிக்குத் தெரியவில்லை. பஸ் ஸ்டாண்டுவரை கூடப் போனாள். வளவனூர் போகும் வண்டியில் சன்னலோரம் உட்கார்ந்த சங்கவி, குழந்தையின் கையைப் பிடித்து ஆட்டிக் காட்டினாள். தான் கை ஆட்டவில்லை.

திரும்பி வந்தபோது ரெக்கார்டர் மேசைமேல் அப்படியே இருந்தது. டேப் அந்த வாக்கியத்துக்கு முன்னால் நின்றிருந்தது. கலைமதி பொத்தான்மேல் விரலை வைத்தாள். அழுத்த முடியவில்லை. பேட்டரியைக் கழற்றவும் மனம் வரவில்லை.

அது இன்றும் அங்கேதான் நிற்கிறது. மாதம் ஒருமுறை அவள் பேட்டரியை மாற்றுகிறாள்.