கடைசி நம்பரும் இடது இமையும்

இடது இமை முதலில் விழுந்தது பள்ளிக்கூடத்தில், கடைசிப் பாடத்தின்போது. கடையை மூடலாமா வேண்டாமா என்று யோசிக்கும் முதலாளியின் ஷட்டர் மாதிரி பாதியில் நின்றது. நாக்கும் தடித்தது. நான் தமிழ் ஆசிரியர். நாக்கைத் தவிர வேறு மூலதனம் இல்லாதவன்.

எங்கள் ஊர் பலாபத்வலையில் ஒருவருக்குக் கண் சொருகி நாக்குக் குழறினால் அதற்கு ஒரே காரணம்தான். அது போத்தலில் விற்கிறது. மூன்றாவது வாரம் பள்ளிக்கூட அதிபர் கூப்பிட்டார்.

“வெளிய குடிங்க சேர், எனக்கென்ன. ஸ்கூல் நேரத்துல வேணாம். இன்னொரு தடவைன்னா வலயக் கல்வி ஆபீசுக்கு எழுதிருவேன்.”

மூக்கை நீட்டி மோந்தும் பார்த்தார். வாசனை வராததை என் கெட்டிக்காரத்தனமாக எடுத்துக்கொண்டார். குடிக்காமலே குடிகாரப் பட்டம் வாங்குவது சுத்த நஷ்டம்.

என் மனைவி ஸ்டெல்லாவுக்கு, பூசைக்கு அடுத்தபடி பெரிய கடமை ஆஸ்பத்திரி வரிசையில் முதலாவதாக நிற்பது. இருட்டோடு போய் ஒன்றாம் நம்பர் துண்டுச் சீட்டை வாங்கிவிடுவாள். எட்டு மணிக்கு டொக்டர் பார்க்கும்போது என் இரு கண்களும் ஆந்தைக்கு இணையாகத் திறந்திருக்கும். “நல்லாத் தூங்குங்க” என்பார். மூன்று முறை போனோம், மூன்று முறையும் முதல் நம்பர். விற்றமின் மாத்திரையோடு வீடு திரும்பினேன்.

இதற்குள் இராச்சோறு தொண்டையில் நின்றது. தண்ணீர் மூக்கால் வந்தது. நாலாம் முறை, கடைசி நம்பர்தான் வேண்டும் என்றேன்.

“கடைசியா? ஒங்களுக்கு மண்டைக்கும் ஏறிருச்சா?”

“காலையில நான் நல்லாத்தான் இருக்கேன் ஸ்டெல்லா. என் சீக்கு பதினொரு மணிக்குத்தான் வேலைக்கு வருது, கவர்மெண்ட் ஆபீசர் மாதிரி.”

பின்னால் வந்தவர்களை எல்லாம் முன்னே விட்டேன். ஒரு பெரியவர், “ஏன், டொக்டர் கடிப்பாரா?” என்று கேட்டுவிட்டுத்தான் போனார். காத்திருந்த நேரத்தில், நாக்கு நன்றாகக் களைக்கட்டும் என்று, சுவரிலிருந்த டெங்கு அறிவித்தலை இரண்டு மொழியிலும் உரக்க வாசித்தேன். சனம் என்னைப் பைத்தியத்தில் சேர்த்தது. குடிகாரனுக்கு அது பதவி உயர்வு. கடைசியாக உள்ளே போனபோது இமை விழுந்து, குரல் மூக்குக்குக் குடிபோயிருந்தது.

டொக்டர் ஒரு ரப்பர் கையுறையில் ஐஸ் கட்டி என் இமைமேல் வைத்தார். இரண்டு நிமிடத்தில் கண் திறந்தது.

“இத ஏன் முந்தியே காட்டல?”

“காட்டினேன் டொக்டர். நீங்க காலையில பாத்தீங்க.”

குளிர் பட்டு இமை தேறினால் அது ஒரு நோயின் அடையாளமாம். இரத்தப் பரிசோதனையும் அதையே சொன்னது: மயஸ்தீனியா கிராவிஸ் (தசை சீக்கிரம் களைத்துவிடும் நோய்). நரம்பு தசையைத் தொடும் இடத்தில், தசையின் மேற்சவ்வில் ஒரு புரதம் பதிந்திருக்கிறதாம். பெயர் அசிட்டைல்கோலின் ஏற்பி (நரம்பின் கட்டளையைத் தசைக்காக வாங்கும் வாசல்). என் உடம்பின் காவல்படை அந்த வாசலைத்தான் எதிரி என்று அடைக்கிறது. வெளியே எத்தனையோ கிருமி இருக்க, வீட்டுக்கதவை உடைக்கும் மடையர்கள்.

“நரம்புலயும் மூளையிலயும் இதோட சொந்தக்காரப் புரதம் இருக்கு” என்றார் டொக்டர். “இந்த நோய் அதத் தொடாது. மூளைக்கு ஒண்ணுமில்ல.”

“அப்ப அது முன்னாடியே அப்பிடித்தான் டொக்டர்” என்றாள் ஸ்டெல்லா.

இதே நோயோடு அலைபவருக்கு ஒரு வார்த்தை. நோய் வரும் நேரத்தில் நீங்களும் போங்கள். முடியாவிட்டால் அந்த முகத்தைப் போனில் படம் எடுத்துக் காட்டுங்கள்; எனக்கு அந்தப் புத்தியும் வரவில்லை. மூச்சுத் திணறினால் நம்பரைப் பார்க்காதீர்கள், நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

டொக்டரின் கடிதத்தை அதிபர் வாசித்தார். “தொத்துமா சேர்?” என்று இரண்டடி நகர்ந்தார். என் பாடங்கள் காலைக்கு மாறின.

இப்போது என் நாள் விடிவதில்லை. டொக்டர் எழுதிய புது மாத்திரையை விழுங்கி முக்கால் மணி கழித்துத் தொடங்கும், அடுத்த மாத்திரைக்குக் கொஞ்சம் முன்னால் மங்கும். முன்பெல்லாம் வாய் தானாக ஓடியது. இன்று சோற்றை மெல்லவும் பேசவும் ஒரே சேமிப்பிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

நேற்று மாலை அதிபர் போனில் மன்னிப்பு மாதிரி ஏதோ சொன்னார். பதிலுக்கு ஒரு நல்ல வாக்கியம் பேசும் தெம்பு இருந்தது. அதை மீன்குழம்புக்கு வைத்துக்கொண்டேன்.