கால்வாய்க் கரையில் ஒரு வகுப்பு

மழையைப் பற்றிய கவிதை ஒன்றை நடத்திக்கொண்டிருந்தபோது நிஜ மழை பிடித்துக்கொண்டது. சாரல் மேசைவரை அடிக்கவே, ஜன்னல்களைச் சாத்தச் சொன்னார் பேராசிரியை. சாத்தியும் இரைச்சல் குறையவில்லை. கவிஞர் மழையை எப்படியெல்லாம் ரசித்திருக்கிறார் என்று அவர் தொண்டை கிழிய விளக்கிக்கொண்டிருக்க, கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தி எழுந்தாள்.

"மேடம், நீங்க சொல்றது ஒண்ணுமே கேக்கல. மழை ரொம்ப சத்தம் போடுது."

வகுப்பே சிரித்தது. அவரும் சிரித்தார். சிரித்து முடித்த பிறகு வெட்கமாக இருந்தது. வந்த மழையை வெளியே நிறுத்திவிட்டுத் தாளில் இருக்கும் மழைக்காகக் கத்துவது என்ன நியாயம்? எல்லோரையும் வராந்தாவுக்கு அழைத்துப்போனார். மணி அடிக்கும்வரை யாரும் பேசக்கூடாது, பார்த்ததையும் கேட்டதையும் மட்டும் எழுத வேண்டும் என்றார்.

அன்று மாலை சமையலறையில் உட்கார்ந்து அந்தத் தாள்களைப் படித்தபோது காபி ஆறிப்போனது. வண்டி நிறுத்தும் தகரக் கொட்டகைமேல் விழும் மழைக்கும் மணலில் விழும் மழைக்கும் உள்ள வித்தியாசத்தை ஒருத்தன் எழுதியிருந்தான். வாயே திறக்காத ஒரு பெண், ஈரமான ஒரு நாய் எந்தெந்த இடத்தில் ஒதுங்கப் பார்த்துத் துரத்தப்பட்டது என்று இரண்டு பக்கம் எழுதியிருந்தாள். மருந்துக் கடையிலிருந்து வந்த கணவரிடம் உரக்கப் படித்துக் காட்டினார்.

"நல்லாத்தான் இருக்கு. இதுக்கு மார்க் எப்படிப் போடுவ?" என்றார் அவர்.

"அதாங்க தெரியல."

அந்தத் தெரியாமையிலிருந்துதான் எல்லாம் ஆரம்பித்தது. சுற்றுச்சூழல் இலக்கியம் என்று ஒரு விருப்பப் பாடம் வேண்டும், அதில் பாதி வகுப்பு வெளியே நடக்க வேண்டும் என்று எழுதிக்கொண்டு முதல்வரிடம் போனார். "வெளிய போய்ப் படிக்கிறதுக்குக் காலேஜ் எதுக்கும்மா?" என்று கேட்ட முதல்வரை ஒரு வருடம் விடாமல் நச்சரித்து ஒப்புக்கொள்ள வைத்தார். ஆசிரியர் அறையில் 'ஊர்சுற்றி மேடம்' என்று பெயர் வந்தது. அவர் காதிலும் விழுந்தது. மோசமான பெயராகத் தோன்றவில்லை.

கல்லூரிக்குப் பின்னால் ஒரு கால்வாய் ஓடியது. மூக்கைப் பிடித்துக்கொண்டு தாண்டிப்போவார்களே தவிர, யாரும் நின்று பார்த்ததில்லை. ஆளுக்கொரு இடத்தைக் கரையில் பிடித்துக்கொள்ள வேண்டும், வாராவாரம் அதே இடத்தில் உட்கார வேண்டும் என்பது அவருடைய விதி. முதலில் முனகினார்கள். நாள் போகப்போக, என் மரம், என் படிக்கட்டு, என் குழாய் என்று சண்டை போட ஆரம்பித்தார்கள். நூலகத்தில் தூசி படிந்து கிடந்த ஆற்றுக் கதைகளைத் தேடி வாங்கிப் படித்தார்கள். கரையில் உட்கார்ந்து எழுந்தவர்களுக்கு அந்தக் கதைகள் வேறு மாதிரி தெரிந்தன.

அப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஒரு பெண் பாசியில் வழுக்கிக் கால்வாய்க்குள் விழுந்தாள். மணிக்கட்டு முறிந்தது.

மறுநாள் காலை அவளுடைய அப்பா முதல்வர் அறையில் நின்றார். சோபா தைக்கும் பட்டறை வைத்திருப்பவர். சட்டையில் பஞ்சு ஒட்டிக்கொண்டிருந்தது. "நான் பொண்ணைப் படிக்க அனுப்பினேனா, சாக்கடையில உருள அனுப்பினேனா?"

பேராசிரியை மன்னிப்பு மட்டும் கேட்டார். வெளி வகுப்புகள் அன்றோடு நின்றன. நான்கு சுவருக்குள் ஆற்றுக் கதையை நடத்தும்போது அவருக்கே தன் குரல் பிடிக்கவில்லை. இரண்டு நாள் தயங்கிவிட்டு அந்தப் பெண்ணைப் பார்க்க வீட்டுக்குப் போனார்.

கதவைத் திறந்த அப்பா "வாங்க" என்று மட்டும் சொன்னார். முகத்தில் சிரிப்பில்லை. ஆனால் மாவுக்கட்டோடு உட்கார்ந்திருந்த மகள் துள்ளினாள்.

"மேடம், விழுந்தப்போ மூஞ்சி தண்ணிகிட்ட போச்சா, சோப்பு வாசனை அடிச்சுது! சாக்கடையில ஏன் சோப்பு வாசனை வரணும்? எங்கருந்து வருது?"

"எனக்கும் தெரியலம்மா. தண்ணி வர்ற பக்கமா மேல நடந்து போய்ப் பாத்தாத்தான் தெரியும்."

"நடந்தெல்லாம் போக வேணாம்" என்றார் அப்பா, சட்டென்று. அப்புறம் காபி கொண்டுவந்து வைத்தார். பேராசிரியை அதை நல்ல அறிகுறியாக எடுத்துக்கொள்ளத் துணியவில்லை.

அடுத்த வாரம் அந்த அப்பா மறுபடியும் முதல்வர் அறைக்கு வந்திருப்பதாகச் செய்தி வந்தபோது, பேராசிரியை வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஓடினார். உள்ளே போனால், மனிதர் நாற்காலி நுனியில் உட்கார்ந்து கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தார்.

"ஞாயித்துக்கெழம நானும் பொண்ணும் போனோம் சார். அவ விடவே இல்ல. பாலத்தைத் தாண்டி மேல போனா ஒரு துணி வெளுக்கிற கம்பெனி இருக்கு, அங்கருந்துதான் வருது. அதுக்கும் மேல போனா தண்ணி சுத்தமா இருக்கு சார், மீன் ஓடுது! இருபது வருஷமா இந்தப் பக்கமா வண்டியில போய்ட்டு வரேன், ஒரு நாள் எறங்கிப் பாத்ததில்ல."

முதல்வர் நெற்றியைத் தடவினார். "அதுக்கு இப்ப நான் என்ன பண்ணணும்?"

"அந்தக் கிளாஸை மறுபடி நடத்துங்க. பிள்ளைங்க பாதுகாப்புதான பிரச்சினை? நான் கூட வரேன்."

முதல்வர் கொஞ்சம் யோசித்து, ஒவ்வொரு வெளி வகுப்புக்கும் பெற்றோர் இரண்டு பேராவது துணைக்கு வர வேண்டும் என்று நிபந்தனை போட்டார். யார் வரப்போகிறார்கள், தானாக நின்றுவிடும் என்பது அவர் கணக்கு. பேராசிரியையும் அப்படித்தான் பயந்தார்.

வந்தார்கள். முதல் வாரம் சோபாக்காரரும், மகனைக் கண்காணிக்க வந்த ஒரு தையல்கார அம்மாவும். அந்த அம்மா சும்மா உட்கார முடியாமல் தானும் ஒரு தாள் கேட்டு வாங்கினார். அடுத்த மாதம் துணைக்கு வந்தவர்களும் எழுதினார்கள். சிலர் வாயால் சொல்ல, பிள்ளைகள் எழுதிக் கொடுத்தார்கள். "அம்மா, அது நாரை இல்ல, கொக்கு" என்று மகனும், "நீ வேணா கொக்குன்னு எழுதிக்க" என்று அம்மாவும் கரையிலேயே தர்க்கம் செய்தார்கள். துணி வெளுக்கும் கம்பெனிக்குப் பெற்றோர்கள் கூட்டமாகப் போய்ப் பேசியதில், கழிவுநீரை வடிகட்டக் கம்பெனிக்காரர்கள் ஒரு தொட்டி கட்டினார்கள். கால்வாய் பளிங்காகிவிடவில்லை. ஆனாலும் பாலம்வரை மீன் வந்தது.

பிற கல்லூரி ஆசிரியர்கள் பார்க்க வந்தார்கள். பயிற்சி கொடுக்கக் கூப்பிட்டார்கள். போன இடத்திலெல்லாம் அவர் முதலில் கேட்டது, "இந்தக் கட்டடத்துக்குப் பின்னால என்ன இருக்கு?" என்பதுதான். பலர் விழித்தார்கள். எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வரச் சொன்னார்.

ஓய்வு பெற இன்னும் ஒரு வருடம் இருக்கையில் பாடத்தை இளைய விரிவுரையாளர் ஒருவரிடம் ஒப்படைத்தார். அந்தப் பெண் வகுப்பைக் கால்வாய்க்குக் கூட்டிப்போகவில்லை, காய்கறிச் சந்தையின் குப்பை மேட்டுக்குக் கூட்டிப்போனாள். பேராசிரியைக்கு முதலில் சுருக்கென்றது. மனசு கேட்காமல் அவரும் ஒரு நாள் போனார். அழுகிய முட்டைக்கோஸ் குவியலின் மேல் இரண்டு மாடுகளும் எண்ணிக்கையில்லாத மைனாக்களும் மேய்ந்துகொண்டிருந்தன. அவர் வாழ்நாளில் ஒரே இடத்தில் அத்தனை மைனாக்களைப் பார்த்ததில்லை. கிட்டப் பார்க்க வேகமாக முன்னால் நடந்தார்.

"மேடம்!" பின்னாலிருந்து விரிவுரையாளரின் குரல் கண்டிப்பாக வந்தது. "எல்லாரோடயும் சேர்ந்து வாங்க. அங்க வழுக்கும்."

"சரிங்க மேடம்" என்று பேராசிரியை வரிசைக்குத் திரும்பினார். பக்கத்திலிருந்த பையனிடம் ஒரு தாள் கேட்டு வாங்கிக்கொண்டார்.