வேனின் பின்பக்கத்து விளக்கு

இருட்டில் ஒரு பெண் கையை உதறும்போது வருகிற வளையல் சத்தம், அவள் தலைமுடியை ஒதுக்கும்போது வருகிற சத்தம் போல இருக்காது. சட்டென்று எழுந்து சட்டென்று நின்றுவிடும். அந்த வித்தியாசத்தை ஒன்பதாம் வகுப்புப் படிக்கும்போதே நான் தெரிந்துகொண்டேன் என்பதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பெல்லாம் எரிகிறது. தெரிந்துகொண்ட இடம் என் அப்பாவின் வேன்.

சேந்தமங்கலத்தைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து பெண்களை ஒரு நூல் மில்லுக்கு ஏற்றிப்போவதும், மாலையில் திரும்பக் கொண்டுவந்து விடுவதும் அப்பாவின் தொழில். என் அக்கா கோகிலாவும் அதே மில்லில் நூல் சுற்றும் பிரிவில் இருந்தாள். அப்போது அவளுக்கு இருபத்திரண்டு வயது. நான் டியூஷன் முடித்துக் கடைவீதியில் நின்று, அந்த வேனிலேயே ஏறி அப்பாவுக்குப் பக்கத்துச் சீட்டில் வீட்டுக்குப் போவேன். கார்த்திகை, மார்கழியில் ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். வேனுக்குள் டிரைவர் தலைக்கு மேலே ஒரே ஒரு மஞ்சள் பல்பு. அதன் வெளிச்சம் இரண்டாவது வரிசையைத் தாண்டாது. அதற்குப் பின்னால் பதினெட்டுப் பெண்கள், பஞ்சுத் தூசி படிந்த தலையோடு, இருட்டுக்குள் உட்கார்ந்து வருவார்கள். அவர்களுக்குப் "பாதுகாப்பு" என்று மில்லிலிருந்து அனுப்பப்பட்ட மேஸ்திரி கடைசி வரிசையில் இருப்பார். யாரிடமிருந்து பாதுகாப்பு என்று ஒருவரும் கேட்டதில்லை. தினமும் அவர் பக்கத்தில் யார் உட்காருவது என்று பெண்களுக்குள் ஒரு முறை இருந்தது. அன்றைய முறைக்காரி டிபன் கேரியரை நடுவில் வைத்துக்கொள்வாள், சேலையில் குத்திய ஊக்கைக் கழற்றி விரலிடுக்கில் பிடித்துக்கொள்வாள்.

இது எல்லோருக்கும் தெரியும். அம்மாவுக்குத் தெரியும். "ஓரமா உக்காந்து வந்தா ஒண்ணும் வராது" என்பாள். அப்பாவுக்கும் தெரியும். அக்கா ஒருநாள் அவரிடம் நேராகவே கேட்டாள், பின்னால் ஒரு லைட் போடுங்களப்பா என்று.

"மேஸ்திரி அசதியில கண்ணசர்றாரு. லைட்டு கண்ணுல அடிக்குதுங்கறாரு சாமி."

"அவரு தூங்கறதே இல்லீங்கப்பா. அது உங்களுக்கே தெரியும்."

"கண்டுக்காம உடு. அவரு ஒரு வார்த்தை சொன்னா நாளைக்கு வேற வேனு வந்து நிக்கும்."

அந்தக் "கண்டுக்காம உடு" என்பதைத்தான் எங்கள் வீட்டில் பொறுமை என்று சொல்லிக்கொடுத்தார்கள்.

அக்கா என்னை அழைத்துக்கொண்டு நாமக்கல் போனாள். லாரிகளுக்கு விளக்குச் சாமான் விற்கும் கடைக்காரர், டிரைவர்கள் கேபினுக்குள் ஒட்டிக்கொள்ளும் சிவப்பு, பச்சை, நீலப் பட்டைகளையெல்லாம் எடுத்துப் போட்டார்.

"மின்னி மின்னி எரியறதுதாங்க இப்ப நல்லாப் போவுது. எந்தக் கலருங்க வேணும்?"

"வெள்ளைங்க. உள்ள ஒரு ஊசி உழுந்தாக்கூடத் தெரியோணும்."

அவர் அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு மேற்கொண்டு எதுவும் கேட்காமல், வெள்ளை எல்இடி பட்டையோடு ஒயரும் சுவிட்சும் இரண்டு ஃபியூசும் கட்டிக்கொடுத்து, எதை எங்கே சேர்க்க வேண்டும் என்று ஒரு அட்டையில் படம் போட்டும் தந்தார்.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் அம்மாவும் வேனை வீட்டில் விட்டுவிட்டு பஸ்ஸில் ஒரு காதுகுத்துக்குப் போனார்கள். நாங்கள் முதலில் பேட்டரி ஒயரைக் கழற்றினோம். கூரையின் ரெக்சின் ஓரத்தைக் கத்தியால் நெம்பி, அதற்குள் ஒயரை விட்டுப் பின்சீட்டு வரை இழுத்தோம். நான் சீட்டின் மேல் மல்லாந்து படுத்துப் பட்டையை இரு பக்கமும் அழுத்தி ஒட்டினேன், கழுத்து பிடித்துக்கொண்டது. மறுபடி பேட்டரியை மாட்டிப் போட்டுப் பார்த்ததும் பொசுக்கென்று ஃபியூஸ் போனது. கதவுக்கு மேலே தகரத்தில் உரசி ஒயரின் தோல் கிழிந்திருந்தது. டேப் சுற்றி இன்னொரு ஃபியூசைப் போட்டோம். எரிந்தது. சீட்டுக் கிழிசல், காய்ந்த பூச்சரம், தரையில் கிடந்த ஊக்குகள் எல்லாம் தெரிந்தன. சுவிட்சை முன்னால் வைக்கலாமா என்று கேட்டேன். "முன்னாடி வெச்சா அப்பா அமத்திப்போடுவாரு" என்று சொல்லி, மூன்றாவது வரிசை ஜன்னலுக்குக் கீழே, பெண்கள் கைக்கு எட்டும் இடத்தில் அக்கா அதைத் திருகினாள்.

திங்கட்கிழமை மாலை கடைவீதியில் நான் ஏறி, வண்டி ஊரைத் தாண்டியதும் அக்கா சுவிட்சைப் போட்டாள்.

திரும்பிப் பார்த்தேன். அன்றைய முறை செல்வியக்காவுக்கு. செல்வியக்காவின், இரண்டு பிள்ளைகளுக்குத் தாயான செல்வியக்காவின், இடுப்பில் மேஸ்திரியின் கை இருந்தது. பதினெட்டுப் பேரும் பார்த்தார்கள். கண்ணாடி வழியாக அப்பாவும் பார்த்தார்.

"எவ லைட்டப் போட்டது? அமத்துங்கடி!" என்று மேஸ்திரி கத்தினார்.

"நல்லாப் பாத்துக்கோங்க எல்லாரும்" என்றார் செல்வியக்கா.

அப்பா வண்டியை நிறுத்தி, இறங்கிச் சுற்றிவந்து பக்கக் கதவைத் திறந்தார். அந்த ஆளின் சட்டையைப் பிடித்துக் கீழே இழுப்பார் என்றே நான் நினைத்தேன். அவர் உள்ளே ஏறி, "மன்னிச்சுக்கோங்க சார், புள்ளைங்க தெரியாமப் பண்ணிருச்சுங்க" என்று சொல்லிக்கொண்டே நாங்கள் ஒட்டிய பட்டையைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தார். ரெக்சினோடு கிழிந்து வந்தது. மறுபடியும் இருட்டு.

"நீங்க பாத்தீங்கல்லப்பா?" என்றாள் அக்கா. அவர் பட்டையைச் சுருட்டிக்கொண்டு இறங்கினார்.

முதலில் செல்வியக்கா இறங்கினார். பிறகு ஒருவர் பின் ஒருவராக எல்லோரும். "ஏறுங்க, சொன்னாக் கேளுங்க" என்று அப்பா கெஞ்சினார். "நாங்க நடந்தே போயிக்கறோமுங்க" என்றது ஒரு குரல். நானும் இறங்கினேன். ஆளுயரத்துக்கு மரவள்ளி நின்ற குச்சிக்கிழங்குக் காடுகளுக்கு நடுவே, இருந்த நாலைந்து செல்போன் வெளிச்சத்தில் எல்லோரும் கூட்டமாக நடந்தோம். மேஸ்திரி ஒருவரை மட்டும் ஏற்றிக்கொண்டு வேன் எங்களைத் தாண்டிப் போனது.

மறுநாள் வேனில் யாரும் ஏறவில்லை. அதற்கடுத்த நாளும் ஏறவில்லை. மூன்றாம் நாள் மில் ஆபீசிலிருந்து ஆள் வந்தார். வேனில் விளக்குப் போடுவது என்று முடிவானது. மேஸ்திரியை வீட்டுக்கு அனுப்பவில்லை. இன்னொரு வழியில் ஓடும் வேனுக்கு மாற்றினார்கள், அந்த வேனில் விளக்கு கிடையாது. வண்டியில் கை வைத்து வயரிங்கை மாற்றியது தப்பு என்று சொல்லி அக்காவை மட்டும் வேலையை விட்டு நிறுத்தினார்கள். கிழித்த பட்டையை அப்பாவே திரும்ப ஒட்டினார். ஒரு வாரம் கழித்து டீக்கடையில் அவர் சொன்னதை என் காதால் கேட்டேன்: "பொம்பளைப் புள்ளைங்க வந்துபோவுதுங்க, வெளிச்சம் வேணுமில்லீங்க? அதான் நானே போட்டுட்டேன்."

இப்போது அந்த வேன் இல்லை, காயலாங்கடைக்குப் போய்விட்டது. மில்லுக்குப் பெரிய பஸ் ஓடுகிறது. உள்ளே வரிசையாக விளக்கும் கேமராவும் இருக்கின்றன. அக்கா சேலத்தில் அம்மாபேட்டையில் இருக்கிறாள். போன மாதம் அவள் வீட்டு விசேஷத்தில், பத்துப் பேர் இருக்கும்போது அப்பா பழையபடி அந்தக் கதையை எடுத்தார். அக்கா இலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னால் முடியவில்லை.

"நீங்க போடலீங்கப்பா. பிச்சு எறிஞ்சீங்க."

பந்தியில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் இலையை மடித்துவிட்டு, "அன்னிக்கு எனக்குப் பயமா இருந்துச்சு சாமி" என்றார்.

இத்தனை வருடத்தில் அவர் சொன்ன ஒரே உண்மை அதுதான். பாவம், வயதானவர், விட்டுவிடு என்று உறவுக்காரர்கள் என் கையைப் பிடித்தார்கள். நான் விடவில்லை, விடவும் மாட்டேன். மேஸ்திரியை மாற்றிவிட்ட அந்த இன்னொரு வேனில் வந்த பெண்களில் ஒருத்தியின் பெயர்கூட எனக்குத் தெரியாது. அவர்களுக்கும் பயமாகத்தான் இருந்திருக்கும்.